பேனாக் கோடு

கடித்தது ஆந்திராவில்,
சேர்த்தது தமிழ்நாட்டில்.
நடுவே நகரி ரயில்வே கேட்டில்
ஒரு சரக்கு வண்டிக்காகப் பதினோரு நிமிடம்.
கொழுந்தன் பைக்கை ஓட்ட, அவன் முதுகோடு
முந்தானையால் கட்டியிருந்தார்கள் செஞ்சம்மாவை.
அவன் ரக்தபிஞ்சரி என்றான்,
டியூட்டி டாக்டர் கண்ணாடி விரியன் என்று எழுதினார்.
பாம்பு ஒன்றுதான்.
அவள் போனில் கடைசி எண் என்னுடையது,
அதனால் நானும் வந்தேன்.

சிறியாநங்கை அரைத்து அப்பியிருந்தார்கள்.
நர்ஸ் சகாயமேரி சலைன் ஊற்றிக் கழுவ
பச்சைத் தண்ணீர் தரையில் ஓடி
வடிகாலில் இறங்கியது.
அதில் ஏதாவது இருந்திருக்கலாம்.
தணிக்கலாம், தடுக்கலாம், இருக்கலாம்:
அந்த ‘லாம்’தான் எனக்குச் சம்பளம்.

புத்தூரில் ஒரு பார்மசி கல்லூரி,
மாடியில் மூன்றாவது அறை.
செஞ்சம்மா மலையில் தோண்டும் நன்னாரி
பாதி சர்பத் கடைக்குப் போகும்,
மீதி எனக்கு, கிலோ நூற்றிருபது.
மெத்தனாலில் மூன்று நாள் ஊறி, வடிந்து, வற்றி,
கடைசியில் ஊசி ஊசியாய் வெள்ளைப் படிகம்,
ஒரு தேக்கரண்டிகூட இல்லை.
முகர்ந்தால் பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வரும்.
பாதத்தில் விரியன் நஞ்சை ஏற்றி
இதைக் கொடுத்தால்
வீக்கம் பாதியில் நிற்கிறது,
எலிக்கு.

ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டுக் கேட்டாள்:
‘எலிக்கு வலிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?’
பாதத்தை எத்தனை தடவை நக்குகிறது என்று
எண்ணுவோம் என்றேன்.
‘எண்ணிட்டு?’
நோட்டில் எழுதுவோம்.
அவள் வெறும் சாக்கை உதறி மடித்தாள்.

இப்போது அவள் காலில்,
வீக்கத்தின் விளிம்பில்,
நீலப் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் 4.10.
கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம்;
இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது.
தொடாமல் நின்றோம்.
சகாயமேரி சாய்த்தார்.
காவி கரைத்த தண்ணீர் போல ஓடியது.

பத்துக் குப்பி இறங்கத் தொடங்கின.
குதிரையின் ரத்தத்தில் விளைந்த மருந்து,
ஓடும் நஞ்சைப் பிடித்துவிடும்.
காலில் ஊறிப்போனதற்கு மட்டும் அது
பந்தி முடிந்து வந்த விருந்தாளி.
5.00.
6.20.

‘வலி பத்துக்கு எவ்வளவும்மா?’
‘பத்துன்னா என்ன?’ என்றாள்.
பிறகு பேசவில்லை.
கட்டில் கம்பியைப் பிடித்தாள், விட்டாள், பிடித்தாள்.
ஐந்து நிமிடத்தில் பதினேழு.
எண்ணுவது யார் என்று பார்த்தேன்.
நான்தான்.

என் பையில், டிபன் டப்பாவுக்கு அடியில்,
திருப்பதிக்கு அனுப்ப எடுத்த பழுப்புக் குப்பி.
ஜிப்பைத் திறக்கவில்லை.
ஒரு எலிக்கு எத்தனை மில்லிகிராம், தெரியும்.
ஒரு செஞ்சம்மாவுக்கு எவ்வளவு என்று
எந்த நோட்டிலும் இல்லை.
அன்று என்னைப் பிடித்து வைத்தது
நேர்மையா பயமா,
இன்னும் பிரித்தெடுக்க முடியவில்லை.
அதற்கான கரைப்பான் என்னிடம் இல்லை.

பத்தே முக்காலுக்கு இன்னொரு குழாய்.
சாய்த்தார்.
விழவில்லை, கருஞ்சிவப்பாய் அடியோடு ஒட்டி நின்றது.
கடைசிக் கோடு 9.50,
முழங்காலுக்கு நான்கு விரல் கீழே.

ஐந்தாம் நாள் போனேன்.
கால் பாதி வடிந்திருந்தது.
கணுக்காலருகே தோல் கறுத்து உரிந்திருந்தது.
கோடுகள் மட்டும் அப்படியே.
‘சோப்புப் போட்டும் போகல’ என்று
எச்சில் தொட்டுத் தேய்த்துக் காட்டினாள்.
கட்டிலடியில் அன்றைய சாக்கு,
கடித்தபோது தோண்டிக்கொண்டிருந்த வேர்,
மண்ணோடு காய்ந்து, சுருங்கி.
தூக்கிப் பார்த்தேன், லேசாக இருந்தது.
‘அன்னிக்கு ரெண்டே கால் கிலோ இருந்துச்சு’ என்றாள்.
‘ஈர எடையே எழுதிக்கோ.’